பொன் அரித்த கைகள்

என் ஆயாவிடம் ஓர் அரிக்கஞ்சட்டி இருந்தது. உட்பக்கம் வரிவரியாகக் கீறல் போட்ட மண்சட்டி. ரேஷன் அரிசியை அதில் போட்டு, தண்ணீர் ஊற்றி, ஒரு பக்கமாகச் சாய்த்து வட்டமாக ஆட்டுவாள். அரிசி தண்ணீரோடு எழும்பி அடுத்த பாத்திரத்தில் போய் விழும். கல் கீறல்களில் தங்கிவிடும். குடியாத்தத்துக்குப் பக்கத்தில் ஒரு சேரியில் பிறந்தவள் ஆயா. பதினாறு வயதில் கல்யாணமாகிக் கோலார் தங்கவயலுக்கு வந்தாள். தாத்தாவுக்குச் சாம்பியன் ரீஃபில் அண்டர்கிரவுண்டு வேலை.

"தங்கமும் இப்படித்தான்டி. கனமானது அடியில தங்கும். தங்கறதாலதான் அதுக்குத் தங்கம்னு பேரு" என்பாள்.

சிறுமியாக இருந்தபோது அதை வேடிக்கைப் பேச்சு என்றே நினைத்தேன். ஆயா சுரங்கத்துக்குள் இறங்கியதே இல்லை. தங்கம் எப்படிப் பிரியும் என்று இவளுக்கு என்ன தெரியும்? பல ஆண்டுகள் கழித்து, ஆராய்ச்சி மாணவியாகச் சென்னையில் ஒரு நூலகத்தில் தங்கவயலைப் பற்றிய பழைய நிலவியல் நூல்களைப் புரட்டிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் அந்தப் பேச்சு நினைவுக்கு வந்தது. அந்த நூல்கள் தங்கத்தைக் கண்டுபிடித்தவர்கள் என்று சில ஆண்களின் பெயர்களைச் சொல்கின்றன. அதே பக்கங்களில், பெயரில்லாமல், வேறு சிலரும் இருக்கிறார்கள்.

*

திப்பு சுல்தான் 1799இல் கொல்லப்பட்ட பிறகு மைசூர் அரசின் எல்லைகளை ஆங்கிலேயர் புதிதாக வரைந்தார்கள். கிழக்கு எல்லையை அளக்கும் வேலை 1802இல் லெப்டினன்ட் ஜான் வாரன் என்ற அதிகாரியிடம் வந்தது. பின்னாளில் சென்னை வானாய்வு நிலையத்தில் பொறுப்பு வகித்தவர் இவர். ஊரிகம் பக்கத்து மண்ணில் பொன் கிடைப்பதாக ஒரு பேச்சு அவர் காதில் விழுந்தது. காட்டித் தருபவர்களுக்குப் பரிசு என்று அறிவித்தார். ஊரார் மாட்டுவண்டிகளில் மண்ணைக் கொண்டுவந்து அவர் கண்ணெதிரே அலசிக் காட்டினார்கள். ஐம்பது கிலோவுக்கும் மேற்பட்ட மண்ணை அலசினால், ஏறத்தாழ அரைக் குன்றிமணி எடையுள்ள பொன் கிடைத்தது.

மாரிக்குப்பத்தில் அவர் பார்த்தது இன்னும் முக்கியமானது. அங்கே மண்ணை மட்டும் அலசவில்லை, பாறையையே தோண்டிக்கொண்டிருந்தார்கள். முப்பது நாற்பது அடி ஆழக் குழிகள். உள்ளே தோண்டிய கல்லைக் கூடைகளில் கைமாற்றி கைமாற்றி மேலே ஏற்றினார்கள். மேலே வந்த கல்லைப் பெண்கள் வாங்கிக்கொண்டு போய், ஒரு பெரிய பாறைமேல் வைத்துத் தூளாகும்வரை இடித்தார்கள். அந்தத் தூளைக் கிணற்றடிக்குக் கொண்டுபோய் அலசிப் பொன்னைப் பிரித்தார்கள்.

வாரனின் குறிப்பில் இது இரண்டு மூன்று வாக்கியங்களில் முடிந்துவிடுகிறது. எனக்கு அந்த இடத்தைத் தாண்டிப் போக முடியவில்லை.

அந்தப் பெண்கள் செய்ததைச் சற்று நிறுத்தி யோசித்துப் பார்ப்போம். எந்தக் கல்லை இடிக்கலாம், எதை எறிந்துவிடலாம் என்று பார்த்தவுடன் சொல்லத் தெரிய வேண்டும். தங்கவயலில் பொன் பெரும்பாலும் வெண்கல் நரம்புகளில் கண்ணுக்குத் தெரியாத பொடியாக ஒட்டியிருக்கிறது. போதுமான அளவு இடிக்காவிட்டால் பொன் கல்லைவிட்டுப் பிரியாது. அலசும்போது தண்ணீர் வேகமாகப் போனால் பொடிப் பொன்னும் அதோடு போய்விடும். மெதுவாகப் போனால் மண் விலகாது. இன்றைக்கும் ஒரு பாறைப் படிவில் தங்கம் இருக்கிறதா என்று களத்தில் முதல் சோதனை செய்பவர்கள் இதையேதான் செய்கிறார்கள். மாதிரிக் கல்லை எடுத்து, இடித்து, தட்டில் அலசி, அடியில் தங்கும் துணுக்குகளை எண்ணுகிறார்கள். நிலவியலாளர் செய்தால் அதற்குக் கனிம ஆய்வு என்று பெயர். மாரிக்குப்பத்துப் பெண் செய்தால் கல் உடைப்பு என்று பெயர்.

நம் மொழிக்கு இந்த அறிவு தெரியும். முறத்தில் போட்டு ஒன்றை ஒன்றிலிருந்து பிரிக்கும் வேலைக்குக் கொழித்தல் என்கிறோம். வளமாக இருக்கும் ஊரைப் பொன் கொழிக்கும் ஊர் என்கிறோம். புடைத்தல், தெள்ளுதல், கொழித்தல், அரித்தல் என்று எடையையும் பருமனையும் வைத்துப் பிரிக்கும் நுட்பங்களுக்கு இத்தனை சொற்களை வைத்திருக்கும் இடம் அடுப்பங்கரை. நகைக்கடைத் தெருக்களின் தூசியைக் கூட்டியெடுத்து அலசிப் பொன்துகள் தேடுபவர்கள் இன்றும் நம் நகரங்களில் இருக்கிறார்கள். ஆயாவின் வேடிக்கைப் பேச்சுக்கு எவ்வளவு நீண்ட மரபு இருந்தது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அந்த மரபு எவ்வளவு பழையது? சாம்பியன் ரீஃபின் பழைய சுரங்கக் குழிகளில் ஆழத்தில் கிடைத்த மரத்துண்டுகளைக் காலக்கணிப்புச் செய்தபோது, அவை ஆயிரம் ஆண்டுகளுக்கும் முந்தியவை என்று தெரியவந்தது. வடக்கே ராய்ச்சூர் மாவட்டத்தில், ஹட்டி, மஸ்கி பகுதிகளில், கல்லை இடித்து இடித்துப் பாறையில் விழுந்த பள்ளங்களை நிலவியலாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். அவற்றை இடித்தவர் யார் என்று பாறை சொல்லாது. வாரனின் குறிப்பு சொல்கிறது, குறைந்தது மாரிக்குப்பத்தைப் பொறுத்தவரை.

ஆக, 1802இல் நடந்தது என்ன? ஏற்கெனவே தெரிந்த ஒன்றைத் தெரிந்தவர்கள் காட்டினார்கள். பரிசு கொடுத்தவர் பார்த்தார், எழுதினார். எழுதியவர் கண்டுபிடித்தவர் ஆனார்.

*

வாரனின் கட்டுரையை ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் கழித்துப் படித்த ஒருவர் மைக்கேல் ஃபிட்ஜெரால்டு லவல். நியூசிலாந்தில் மாவோரிகளுக்கு எதிரான போரில் பங்கெடுத்துவிட்டு, பெங்களூரு கண்டோன்மென்ட்டில் வந்து தங்கியிருந்த அயர்லாந்துப் படைவீரர். 1871இல் மாட்டுவண்டி கட்டிக்கொண்டு கோலாருக்குப் போனார். இடங்களைக் குறித்துக்கொண்டார். 1873இல் மைசூர் அரசுக்கு விண்ணப்பித்தார். 1875இல் இருபது ஆண்டுகளுக்கான உரிமம் அவர் கைக்கு வந்தது. பெங்களூரில் அவர் பெயரில் இன்றும் ஒரு சாலை இருக்கிறது. பணம் போதாமல் அவர் உரிமத்தைக் கைமாற்றினார். 1880இல் லண்டனைச் சேர்ந்த ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் வந்தது. அடுத்த எழுபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் தங்கவயல் என்றால் அந்தப் பெயர்தான்.

டெய்லர் கொண்டுவந்த இயந்திரங்களில் ஒன்று ஸ்டாம்ப் மில். கனத்த இரும்பு உலக்கைகள் வரிசையாக எழும்பி விழுந்து கல்லைப் பொடியாக்கும். பொடியைத் தண்ணீரோடு பாதரசம் பூசிய தகடுகள்மேல் ஓடவிட்டால் பொன் பாதரசத்தோடு ஒட்டிக்கொள்ளும். ஸ்காட்லாந்தில் 1887இல் காப்புரிமை பெற்ற சயனைடு முறை விரைவிலேயே இங்கும் வந்தது. பாதரசத்துக்குத் தப்பிய பொன்னையும், அதோடு கலந்திருக்கும் கொஞ்ச வெள்ளியையும் சயனைடு கரைசல் கரைத்தெடுத்துவிடும். 1902இல் சிவசமுத்திரம் நீர்வீழ்ச்சியிலிருந்து மின்சாரமும் வந்துவிட்டது.

உலக்கையும் அலசும் தட்டும் இயந்திரத்துக்குள் போய்விட்டன. வேலையின் அடிப்படை மாறவில்லை: இடி, அலசு, பிரி. ஆனால் மில்லை இயக்கியவர்கள் ஆண்கள். கையால் இடித்தவர்கள் பெண்கள் என்பது யாருக்கும் நினைவில்லாமல் போயிற்று.

நினைவில்லாமல் போனது மட்டுமல்ல, குற்றமாகவும் ஆகிவிட்டது. பொன் திருட்டைத் தடுப்பதற்காக மைசூர் அரசு பத்தொன்பதாம் நூற்றாண்டின் முடிவில் சுரங்கச் சட்டம் இயற்றியது. பொன் கலந்த கல்லையோ பொடியையோ கணக்கில்லாமல் வைத்திருப்பது தண்டனைக்குரியது. வீட்டுக் கொல்லையில் கல்லை இடித்து அலசிப் பார்ப்பது, ஒரு காலத்தில் ஊரின் தொழில்; வாரனுக்குப் பரிசு கொடுத்துப் பார்க்கத் தகுந்த வித்தை. இரண்டு மூன்று தலைமுறைக்குள் அதே செயலுக்குத் திருட்டு என்று பெயர் வந்தது. நிலத்தை மட்டும் உரிமம் எடுத்துக்கொள்ளவில்லை. கைகளில் இருந்த அறிவையும் எடுத்துக்கொண்டது.

*

தங்கவயலுக்கு ஆள் வந்தது பெரும்பாலும் வட ஆற்காடு, சித்தூர், சேலம் பகுதிகளிலிருந்து. வந்தவர்களில் பெரும்பான்மையோர் தலித்துகள். ஊரில் பண்ணையாரிடம் கைகட்டி நிற்பதைவிட இருட்டுக்குள் இறங்குவது மேல் என்று வந்தவர்கள். அயோத்திதாசப் பண்டிதரின் பௌத்த இயக்கம் மாரிக்குப்பத்தில் வேரூன்றியது. 1907இல் அவர் தொடங்கிய 'தமிழன்' இதழை, அவர் மறைவுக்குப் பின் தங்கவயலிலிருந்து ஜி.அப்பாதுரையார் நடத்தினார். 1930இல், கைரேகை பதிய வேண்டும் என்ற உத்தரவை எதிர்த்துத் தொழிலாளர்கள் சங்கம் என்ற ஒன்று இல்லாமலேயே வேலைநிறுத்தம் செய்தார்கள். இந்த வரலாறு நம் பெருமை. அதை எழுதியவர்களுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம்.

ஆனால் இந்தப் பெருமையான வரலாற்றிலும் பெண்ணை எங்கே தேடுவது? கம்பெனிக் கணக்கில், மேல்தளத்தில் கல் பொறுக்கவும் சுமக்கவும் கூட்டவும் ஒரு சிறு எண்ணிக்கையாக இருக்கிறாள். மற்றபடி அவள் வீட்டில் இருப்பவள். அந்த வீடு என்ன செய்தது என்பதுதான் கேள்வி.

ஆரம்பத்தில் மூங்கில் தட்டி அடைத்த குடிசைகள், பிறகு வரிசையாக லைன் வீடுகள். ஒரே அறை, ஒரு சிறு திண்ணை. மூன்று ஷிப்ட் ஓடும் சுரங்கத்துக்கு மூன்று நேரமும் சோறு தயாராக வேண்டும். அப்பன் ஒரு ஷிப்ட், மகன் ஒரு ஷிப்ட் என்றால் தாய்க்கு ஷிப்டே கிடையாது. தண்ணீர்க் குழாயில் வரிசை. மூவாயிரம் மீட்டருக்கும் மேல் ஆழம் போன சுரங்கத்தில் வெக்கையில் நனைந்து வரும் உடுப்பைத் துவைத்துக் காயவைத்து மறுநாளுக்குத் தயார்செய்ய வேண்டும். அழுத்தம் தாங்காமல் பாறை திடீரென வெடித்துச் சிதறும் விபத்துகள் தங்கவயலில் அடிக்கடி நடந்தவை. நேரம் கெட்ட நேரத்தில் சங்கு ஊதினால் ஆயா உலையை இறக்கிவைத்துவிட்டு வாசலுக்கு ஓடுவாளாம். "யார் வூட்டு ஆம்பளன்னு தெரியற வரைக்கும் எல்லாப் பொம்பளையும் முண்டச்சிதான்" என்று சொல்லியிருக்கிறாள்.

பிறகு நுரையீரல். கல்தூசி நுரையீரலில் படிந்து மூச்சை அடைக்கும் சிலிகோசிஸ் நோய் இந்தியாவில் முதன்முதலில் பதிவானது இங்கேதான், 1934இல். 1940களில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்களைச் சோதித்தபோது, நூற்றுக்கு நாற்பதுக்கும் மேற்பட்டவர்களுக்கு அந்த நோய் இருந்தது. இந்த எண்ணை எல்லோரும் மேற்கோள் காட்டுகிறோம். அதை நான் வேறு மாதிரியும் வாசிக்கப் பழகிக்கொண்டேன். மூவாயிரம் ஆண்கள் இரவெல்லாம் உட்கார்ந்தபடி மூச்சுக்குத் தவித்தார்கள் என்றால், பெரும்பாலான வீடுகளில் பக்கத்தில் ஒரு பெண்ணும் விழித்திருந்தாள். அவளுடைய ராத்திரி எந்தக் கணக்கெடுப்பிலும் இல்லை.

இந்தக் கண்ணுக்குத் தெரியாத உழைப்புக்கும் அடியில் ஒன்று இருந்தது. லைன்களின் உலர் கழிப்பறைகளை வாளியும் துடைப்பமுமாகச் சுத்தம் செய்தவர்கள், தோட்டி சாதியைச் சேர்ந்த பெண்களும் ஆண்களும். கையால் மலமள்ளும் முறைக்கு எதிராக நாடு தழுவிய இயக்கம் கட்டி, 2016இல் மகசேசே விருது பெற்ற பெஜவாடா வில்சன், தங்கவயலில் அப்படி ஒரு குடும்பத்தில் 1966இல் பிறந்தவர். உலகின் மிக ஆழமான சுரங்கங்களில் ஒன்றுக்கு மின்சாரம் கொண்டுவர முடிந்த ஊரில், கழிப்பறைக்குத் தண்ணீர் கொண்டுவருவது அத்தனை காலம் அவசரமாகப்படவில்லை. ஒடுக்கப்பட்டோரின் நகரம் என்று நாம் கொண்டாடும் ஊரிலும் ஒரு பெண்ணின் இடத்தைச் சாதி படிப்படியாகத்தான் பிரித்து வைத்திருந்தது. என் ஆயாவின் படிக்குக் கீழேயும் படிகள் இருந்தன. அதைச் சொல்லாமல் அவளைப் பற்றி மட்டும் எழுதினால் நானும் ஒரு வாரன்தான்.

*

பெண் சுரங்கத்துக்குள் போகாதது இயற்கை என்று நமக்குச் சொல்லித் தரப்பட்டிருக்கிறது. அதற்கும் ஒரு வரலாறு உண்டு. பிரிட்டிஷ் இந்தியாவின் நிலக்கரிச் சுரங்கங்களில் ஆயிரக்கணக்கான பெண்கள் நிலத்தடியில் வேலை செய்தார்கள். 1929இல் அவர்களைப் படிப்படியாக வெளியேற்றும் விதிகள் வந்தன. காரணம், பாதுகாப்பு. 1943இல் போருக்கு நிலக்கரி போதவில்லை என்றதும் தடை தளர்ந்தது. 1946இல் மறுபடி வந்தது. அந்த மூன்று ஆண்டுகள் மட்டும் பெண்ணுடல் ஆபத்தைத் தாங்கியதா?

சுதந்திர இந்தியாவின் 1952ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டம், பிரிவு 46இல், நிலத்தடி வேலை பெண்ணுக்கு இல்லை என்று எழுதிவைத்தது. மேல்தளத்திலும் காலை ஆறு மணியிலிருந்து மாலை ஏழு மணிவரைதான். கூலி உள்ள வேலையிலிருந்து அவளைப் பாதுகாத்த சட்டம், அதே சுரங்கத்தின் தூசியிலிருந்து, சயனைடு மண்ணிலிருந்து, இரவு முழுக்கப் பார்க்க வேண்டிய நோயாளியிடமிருந்து அவளைப் பாதுகாக்கவில்லை. 2019இல் ஓர் அறிவிக்கை வழியாக, தொழில்நுட்பம், மேற்பார்வை, நிர்வாகம் ஆகிய பொறுப்புகளில் பெண்கள் நிலத்தடியில் வேலை செய்யலாம் என்று அனுமதி வந்தது. சுரங்கப் பொறியியல் படிக்கும் பெண்களுக்கு அது உண்மையான வெற்றி. ஆனால் தங்கவயல் சுரங்கம் அதற்குப் பதினெட்டு ஆண்டுகள் முன்பே மூடப்பட்டுவிட்டது.

2001 பிப்ரவரி 28 அன்று வேலை நின்றது. நூற்றிருபது ஆண்டுகளில் அந்தப் பாறை ஏறத்தாழ 800 டன் தங்கம் கொடுத்திருந்தது. ஆண்களின் வேலை போன மறுநாள் காலையிலும் உலை வைக்க வேண்டியிருந்தது. மாரிக்குப்பத்திலிருந்து புறப்படும் ரயிலில் தங்கவயல் இன்றும் விடிவதற்கு முன்பே பெங்களூருக்குப் போகிறது. கட்டடம், செக்யூரிட்டி என்று ஆண்கள். கார்மென்ட்ஸ், வீட்டுவேலை, கடை என்று பெண்கள். என் அத்தை பதினான்கு வருடம் அந்த ரயிலில் போய் வந்தாள். ஆயாவுக்காக ஒரு படிவம் நிரப்பியபோது, தொழில் என்ற இடத்தில் 'இல்லை' என்று எழுதியவன் நான்காம் தலைமுறைப் பேரன்கூட இல்லை, என் சொந்தத் தம்பி. நானும் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். தடுக்கத் தோன்றவில்லை.

*

சென்ற வருடம் அத்தையைப் பார்க்கப் போயிருந்தேன். பங்காருப்பேட்டையில் மாறி ஏறி, மாரிக்குப்பத்தில் இறங்கினால், முதலில் கண்ணில் படுவது அந்த மேடுகள்தான். சயனைடில் பொன்னைக் கரைத்தெடுத்த பின் கொட்டிய கழிவு மண், குன்று குன்றாக. சினிமாக்காரர்களுக்கு அது பின்னணி. அத்தைக்கு அது தூசி. காற்றுக் காலத்தில் ஜன்னல் இடுக்கில் ஈரத்துணி அடைப்பாள். சோற்றுப் பானையை இரட்டை மூடி போட்டு மூடுவாள். கொடியில் காயும் துணியை உதறி உதறி மடிப்பாள்.

இப்போது அந்த மேடுகளில் மறுபடி தேடல் தொடங்கியிருக்கிறது. பழைய முறைகளுக்குத் தப்பிய தங்கம் அதில் இன்னும் இருக்கிறது. மொத்தம் 3.3 கோடி டன் மண் என்கிறார்கள். துளையிட்டு மாதிரி எடுத்து, ஒரு டன்னுக்கு எத்தனை மில்லிகிராம் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். 13 மேடுகள், ஆயிரம் ஏக்கருக்கும் சற்று மேல். அவற்றில் மேல்தளச் சுரங்கவேலை நடத்தும் ஒன்றிய அரசின் யோசனைக்கு 2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. தங்கத்தின் விலை இருக்கும் நிலையில் இது லாபமான காரியமாகவே இருக்கும்.

வேலை வரும் என்று தங்கவயல் இளைஞர்கள் நம்புகிறார்கள். அந்த நம்பிக்கையை நான் குறைத்துப் பேச மாட்டேன். விடியற்கால ரயிலை அறிந்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். மேடுகளை முறையாக அப்புறப்படுத்தினால் தூசியும் குறையலாம். ஆனால் தோண்டிக் கிளறும் ஆண்டுகளில் அந்தத் தூசி எங்கே போகும்? எந்தக் குழாயில், எந்தக் கிணற்றில் இறங்கும்? மண்ணில் மாதிரி எடுத்தது போல, மேட்டின் அடிவாரத்தில் வாழும் பெண்களின் மூச்சிலும் குடிநீரிலும் வேலை தொடங்கும் முன்பே மாதிரி எடுக்க வேண்டும். பின்னால் வரும் நோய்க்கு ஆதாரம் கேட்டால் காட்டுவதற்கு அது வேண்டும். வரும் வேலையில் பெண்களுக்கு எத்தனை பங்கு என்பதை எழுத்தில் கேட்க வேண்டும். அத்தைகளைக் கூப்பிட்டு உட்காரவைத்துக் கேட்டால், எந்த மாதத்தில் எந்தப் பக்கம் காற்று அடிக்கும், எந்த லைனில் எத்தனை பேருக்கு இருமல் என்று அவர்களே சொல்லிவிடுவார்கள். அதுவும் ஆய்வுதான். நாற்பது ஆண்டுகளாக நடக்கும் ஆய்வு.

அத்தையிடம் இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள்.

"எங்கள யாரு கேப்பாங்க? மலைய ஏலம் வுடறவங்க எங்க வூட்டுக்கா வருவாங்க?"

"வரமாட்டாங்க அத்தை. நாமதான் போகணும்."

"எழுதிக் குடு. லைன் பொம்பளைங்க எல்லாரண்டயும் கையெழுத்து நான் வாங்கறேன்" என்றாள்.

அன்று இரவு அவள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து மனுவை எழுதினோம். பெயர், வயது, முகவரி, தொழில் என்று கட்டம் போட்டேன். தொழில் என்ற கட்டத்தை யாரும் காலியாக விடக் கூடாது என்று அத்தை சொன்னாள். முதல் வரிசையில் தன் பெயரை எழுதி, அந்தக் கட்டத்துக்கு வந்ததும் பேனாவை நிறுத்தினாள். பிறகு, சோறாக்கியது, தண்ணீர் பிடித்தது, மாமனாரின் இருமலைப் பார்த்துக்கொண்டது, பெங்களூர் கார்மென்ட்ஸ் பதினான்கு வருடம் என்று ஒவ்வொன்றாக எழுதத் தொடங்கினாள். இடம் போதவில்லை. தாளைத் திருப்பிப் போட்டு எழுதினாள்.